காதைப் பொத்திக்கொண்ட கிறிஸ்தியான்

வாயிலிலே மனைவி நின்று கதறுகிறாள். பிள்ளைகள் கூவி அழைக்கின்றனர். அவனோ இரு காதுகளிலும் விரல்களைச் செருகிக்கொண்டு, திரும்பியும் பாராமல் ஓடுகிறான். ஓடுபவன் கடன்பட்டவன் அல்லன், களவாடியவன் அல்லன், குடித்துக் கெட்டவனும் அல்லன். பக்தன்! ஆண்டவனின் அழைப்பைக் கேட்டவன்! அழைப்புக்குத் திறந்த செவி, அழுகைக்கு அடைத்துக்கொண்டது.

ஜான் பனியன் 1678-ஆம் ஆண்டு வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்' என்னும் நூலின் தொடக்கக் காட்சி இது. நமக்குத் தொலைவான நூல் என்று ஒதுக்கிவிட முடியாது. நெல்லைச் சீமையில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் கிறித்தவம் தழுவிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, இதனைத் தழுவியே 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தை இயற்றி 1894-இல் தந்தார். கம்பனைக் கற்ற தமிழ், பனியனின் கனவைச் சுமந்தது. எனவே இந்நூலை எடைபோடும் உரிமை நமக்கும் உண்டு.

"இது உருவகக் கதை, ஓடுவது மனிதன் அல்ல, ஆன்மா, விடப்படுவது மனைவி அல்ல, உலகப் பற்று" என்பர் அன்பர் சிலர். நல்லது. ஆனால், நூலாசிரியருக்கே அந்த விடை போதவில்லையே! பயணத்தின் நடுவில் ஒரு மாளிகையிலே, அன்பு என்னும் பெயருடைய நங்கை கிறிஸ்தியானைக் கேட்கிறாள்: குடும்பம் உண்டா? அவர்களை ஏன் அழைத்து வரவில்லை? அவன் அழுகிறான். மனைவியும் நான்கு சிறு பிள்ளைகளும் உண்டு என்கிறான். மன்றாடிப் பார்த்தேன், அவர்கள் மறுத்தனர் என்கிறான். முதற்பதிப்பில் இந்த உரையாடல் இல்லை. இரண்டாம் பதிப்பிலேதான் பனியன் இதனைச் சேர்த்தார். வெறும் உருவகமென்றால், மனைவி மக்களைப் பற்றிய கேள்வியைப் பின்னர் தேடிக் கொணர்ந்து சேர்ப்பானேன்? ஆன்மாவுக்கு ஏது நான்கு பிள்ளைகள்?

அந்தக் கேள்வி அவர் வாழ்விலேயே இருந்தது. பெட்ஃபோர்டு நகரை அடுத்த எல்ஸ்டோவில் பிறந்த பனியன், பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளி. அரசின் திருச்சபைக்குப் புறம்பாக நின்று சமயப் பேருரை ஆற்றினார் என்று 1660-இல் சிறைப்பட்டார். இனிப் பேசமாட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்கும். சொல்லவில்லை, பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலே கழிந்தன. அவருடைய கடவுளை நாம் ஏற்கவில்லை. ஆனால் ஆணைக்கு அஞ்சி நாவை அடகு வைக்க மறுத்த அந்த நெஞ்சுறுதியை மதிக்கிறோம்.

சிறைக்கு வெளியே யார்? இரண்டாம் மனைவி எலிசபெத். கணவன் கைதான அதிர்ச்சியிலே கருவைப் பறிகொடுத்த இளம்பெண். மூத்தாள் பிள்ளைகள் நால்வரும் அவள் பொறுப்பில். அவர்களிலே ஒருத்தி பார்வையற்றவள். 1661-இல் நீதிபதிகள் முன் தனியே சென்று கணவனுக்காக வாதாடினாள் அவள். பனியனும் கல்நெஞ்சர் அல்லர். சிறையிலே காலணி நாடா பின்னிக் குடும்பத்துக்கு உதவினார். பார்வையற்ற மகளின் நினைவு தம்மை வாட்டியதை ஒளிக்காமல் எழுதினார். ஆக, மெய்யான பனியன் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. கேட்டார், துடித்தார், உள்ளே இருந்தபடி உழைத்தார். அவர் படைத்த வீரனோ படைத்தவரைவிடச் சிறுத்துப்போனான். நூலின் பெருங்குறை இதுவே.

1684-இல் இரண்டாம் பாகம் வந்தது. கணவன் மறைந்தபின் மனைவி புறப்படுகிறாள். முதற்பாகத்திலே அவளுக்குப் பெயரே கிடையாது. இங்கே கிடைக்கிறது: கிறிஸ்தியானாள்! கணவன் பெயருக்குப் பெண்பால் விகுதி! அன்று அவனோடு போகாதது தன் குற்றமென்று புலம்பவும் வைக்கிறார் ஆசிரியர். நகரம் தீயில் அழியப்போகிறது என்று ஒருநாள் கணவன் உளறினால், சான்று எங்கே என்று கேட்பது குற்றமா? நான்கு பிள்ளைகளைப் பெற்றவள் கேட்கவேண்டிய கேள்வி அல்லவா அது?

ஆயினும் அவள் நடக்கும் முறையைப் பாருங்கள். நான்கு மக்களையும் உடன் அழைத்துச் செல்கிறாள். அண்டை வீட்டு இளம்பெண்ணும் சேர்கிறாள். வழியிலே பிள்ளைக்கு நோய் வந்தால் மருத்துவம் நடக்கிறது, திருமணங்கள் நடக்கின்றன, ஊன்றுகோல் ஊன்றியவனும் உள்ளம் தளர்ந்தவனும் கூட்டத்தில் இடம் பெறுகின்றனர். வலியவன் வேகத்துக்கு மெலியோர் ஓடவில்லை. மெலியோர் நடைக்கு வலியவன் தன் காலடியை அளக்கிறான். தனியே ஓடியவன் பெயர் தரணியெங்கும் பரவிற்று. தாங்கி நடந்தவள் கதை அத்துணைப் புகழ் பெறவில்லை.

இந்தக் குழப்பம் பனியனுடையது மட்டுமன்று. அவர் கையிலிருந்த மறைநூலிலேயே உண்டு. மனைவி மக்களை வெறுக்காதவன் சீடனாக முடியாதென்று லூக்கா 14-ஆம் அதிகாரம் கூறுகிறது. நம்பாத மனைவி சேர்ந்து வாழ இசைந்தால் அவளைத் தள்ளலாகாது என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் 7-ஆம் அதிகாரம் கூறுகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்திலோ, சிறைக்காவலன் ஒருவன் ஒரே இரவில் வீட்டார் அனைவரோடும் ஞானமுழுக்குப் பெறுகிறான். வெறுத்து விடுவது ஒரு வழி. விடாமல் உடன் வாழ்வது ஒரு வழி. ஒருசேர இழுத்துச் செல்வது மற்றொரு வழி. அந்தச் சிறைக்காவலனின் மனைவி என்ன நினைத்தாள்? அதை எழுத எவருக்கும் தோன்றவில்லை!

சமயம் மாற ஒருவனுக்கு உரிமை உண்டு; மாற மறுக்க அவன் மனைவிக்கும் அதே உரிமை உண்டு. விட்டு ஓடுவது அவளை ஒரு பொருட்டாக எண்ணாமை. இழுத்துப் போவது அவளை ஓர் உடைமையாக எண்ணுவது. இரண்டிலும் இல்லாதது ஒன்றே: அவளுடைய சம்மதம்.

மதத்தாரைக் குறைகூறி மகிழ்வதற்காக இதை நான் எழுதவில்லை, தோழர்களே! நள்ளிரவில் மனைவியையும் மகனையும் விட்டு நீங்கிய சித்தார்த்தன் கதையை நாமும் போற்றித்தான் சொல்கிறோம். கோயிலின் அழைப்பு ஆயினும், கொள்கையின் அழைப்பு ஆயினும், புறப்படுபவன் ஆண். அடுப்பையும் அழும் பிள்ளையையும் காப்பவள் பெண் என்பதே நெடுங்கால வழக்கு. மேடையிலே பகுத்தறிவு பேசிவிட்டு, வீட்டிலே "நான் சொல்கிறேன், நீ நம்பு" என்பவன், பெயர் மாறிய பழைய பக்தனே.

பனியனைப் படியுங்கள். எளியோர் மொழியிலே எழுதிய தொழிலாளியின் ஆற்றலைக் கற்றுக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் நூலை மனைவியிடம், தங்கையிடம், தாயிடம் கொடுங்கள். அவர்கள் கருத்தைக் கேளுங்கள். உங்கள் கருத்துக்கு மாறாக அவர்கள் பேசினாலும் முடியும்வரை கேளுங்கள். பகுத்தறிவு பிறர் வாதத்தைக் கேட்பதிலிருந்துதான் தொடங்குகிறது. அதைப் பழகுவதற்கு வீட்டைவிடச் சிறந்த பள்ளி வேறில்லை!