முதுகில் விரியும் எழுத்து

பத்துக் கட்டைகளைப் பந்தால் சாய்க்கும் பௌலிங் ஆட்டத்தில், ஆடுபவர் நமக்கு முகம் காட்டுவதில்லை. நான்கைந்து அடியெடுத்து வைத்து, குனிந்து, பந்தை உருட்டிவிடுகிறார். பின்னால் அமர்ந்திருப்பவர்களுக்குத் தெரிவது அவர் முதுகுதான். பழைய பாணி அமெரிக்க பௌலிங் அணிச் சட்டைகளை வடிவமைப்பவர்கள் இதை நன்றாக உணர்ந்தவர்கள். அணியின் பெயரை முதுகு முழுக்கச் சாய்ந்த கூட்டெழுத்தில் விரிக்கிறார்கள். ஆடுபவரின் பெயர் மட்டும் நெஞ்சுப் பைக்கு மேலே, கைகுலுக்க வருபவர் படிக்கும் அளவில் சிறியதாக இருக்கும். தோளுக்குக் கீழே ஒரு மடிப்பு வைத்திருப்பதால், கை வீசும்போது துணி இழுக்காமல் கூடவே அசைகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த முதுகெழுத்தைத் தைக்கும் சங்கிலித் தையல். தையல் இயந்திரத்தின் மேசைக்கு அடியில் ஒரு கைப்பிடி. அதைத் திருப்பும் பக்கம் தையல் நகரும். இயந்திரம் கடகடவென்று சீராக ஓட, எழுத்தின் வளைவுக்கு ஏற்பக் கை சுழல, கண்ணியோடு கண்ணி கோத்துக்கொண்டு போகிறது நூல். முதலில் விளிம்பு, பிறகு வரிசைக்குள் வரிசையாக உள்நிரப்பல். அவசரப்பட்டால் வளைவு கோணும். பொறுமையாகச் சுற்றினால் சிக்குக் கோலத்தின் கம்பிபோல வழுக்கிக்கொண்டு வரும். விரலால் தடவினால் எழுத்து மேடிட்டுத் தட்டுப்படும். சட்டை அசையும்போது, நூல் திரும்பும் திசைக்கேற்பப் பளபளப்பும் மாறும். அச்சிட்ட எழுத்தில் இந்த அசைவு இல்லை. பொழுதுபோக்காக ஆடப்போகும் நண்பர்களுக்காக இவ்வளவு அக்கறையோடு தைப்பவர்கள், அந்த மாலைப்பொழுதுக்கு உரிய மதிப்பைத் தருகிறார்கள்.