கிராப் கேமராவில் ஃபுல் ஃபிரேம் 50 மி.மீ.

கேனான் 200டி மார்க் டூ வைத்திருப்பவர்கள் கிட் லென்ஸுக்கு அடுத்து வாங்குவது பெரும்பாலும் இஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸைத்தான். 2015-இல் வந்தது. எடை 160 கிராம்தான், விலையும் கையைக் கடிக்காது. ஆனால் இது ஃபுல் ஃபிரேமுக்கான லென்ஸ். கேமராவின் மவுன்ட்டில் ஒரு சிவப்புப் புள்ளியும் ஒரு வெள்ளைச் சதுரமும் இருக்கும். கிட் லென்ஸைச் சதுரத்துக்கு நேராக வைக்க வேண்டும், இதைப் புள்ளிக்கு நேராக. அடாப்டர் வேண்டாம்.

வியூஃபைண்டரில் பார்த்தால் எல்லாமே நெருக்கமாகத் தெரியும். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ., கிராப் கேமராவான 200டி-யில் இருப்பதோ 22.3 மி.மீ. லென்ஸ் தரும் பிம்பத்தின் நடுப்பகுதி மட்டுமே பதிவாவதால், 80 மி.மீ. லென்ஸின் பார்வைக் கோணம்தான் கிடைக்கும். நிற்பவரை உச்சி முதல் பாதம் வரை எடுக்க, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் ஏறக்குறைய 14 அடி தள்ளி நிற்க வேண்டும். ஃபுல் ஃபிரேமில் 9 அடி போதும். அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் முதுகு சுவரில் முட்டிவிடும். பிறந்தநாள் குரூப் போட்டோவுக்குக் கிட் லென்ஸே கதி.

முகங்கள் எடுப்பதில்தான் காசு வசூலாகிறது. ஆறடி தூரத்தில் மார்பளவுப் படம், மூக்கு புடைக்காமல் இயல்பாக வருகிறது. எஃப்/1.8-இல் கண்ணிமை முடி சற்று மென்மையாக இருக்கிறது, எஃப்/2.8-க்கு வந்தால் கூர்மையாகிவிடுகிறது. ஓரங்களின் இருட்டும் மங்கலும் பெருமளவு சென்சாருக்கு வெளியே போய்விடுவது நமக்கு லாபம். கிராப்பில் வெளிச்சமும் குறையும் என்று சிலர் சொல்வார்கள். குறையாது, எக்ஸ்போஷர் அதேதான். பின்புல மங்கல் மட்டும் ஃபுல் ஃபிரேமில் 80 மி.மீ., எஃப்/2.8 வைத்து எடுத்த அளவுக்கு இருக்கும். லென்ஸிலும் பாடியிலும் ஸ்டெபிலைசேஷன் இல்லை, அதனால் ஷட்டர் வேகம் 1/80-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிக்கான்காரர்களுக்கு ஒரு வார்த்தை: டி5600 பாடியில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று பார்த்து வாங்குங்கள்.

‘நாளைக்கு ஃபுல் ஃபிரேம் வாங்குவோமே’ என்று இன்றே 24-70 எஃப்/2.8 வாங்குவது வீண் செலவு. கிராப்பில் அது 38-112 ஆகிவிடும், வைடு போயே போச்சு. பறவை, விளையாட்டு எடுப்பவர்களுக்கு 70-200 சரி. அது 112-320 ஆவது அவர்களுக்கு வரவுதான். முகங்கள் எடுக்க இந்த 50 மி.மீ.யைத் தயங்காமல் வாங்கலாம். வீட்டுக்குள்தான் அதிகம் எடுப்பீர்கள் என்றால், கிராப்புக்கென்றே வந்த இஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப்/2.8 வாங்குங்கள்.