கேமா, பெட்டியா?

கன்சோல் வாங்க நினைப்பவருக்கு விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் முதல் யோசனை, “பெட்டியைப் பார்க்காதே, கேமைப் பார்” என்பது. பெரும்பாலும் சரிதான். ஆனால் பெரம்பலூர், அரியலூர் பக்கம் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டால் பணம் வீணாகும்.

யோசனையின் பலத்தை மறுக்க முடியாது. தொண்ணூறுகளில் ‘டிவி கேம்’ என்று விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை நிண்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். மேலே என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் ஒரு வீட்டுக் கேசட் அடுத்த வீட்டுப் பெட்டியில் ஓடும். மரியோ இருக்கிறதா, கான்ட்ரா இருக்கிறதா என்றுதான் பிள்ளைகள் கேட்டார்கள். 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. மறு ஆண்டு சோனியின் பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3) இந்தியாவுக்கு 39,990 ரூபாய்க்கு வந்தது. மஞ்சள் பின் செருகிப் படம் பார்க்கும் அந்த 14 அங்குல டிவியில் பிஎஸ்3-இன் ஹெச்டி பெருமைக்கு என்ன வேலை?

இன்றைய நிலைமை வேறு. 2021 பிப்ரவரியில் பிஎஸ்5 இங்கே வெளியானபோது டிஸ்க் போடும் மாடல் 49,990, டிஸ்க் இல்லாததற்கு அறிவித்த விலை 39,990. பத்தாயிரம் மிச்சம் என்றுதான் முதலில் தோன்றும். அப்போது சோனியின் பெரிய புது கேம் ஒன்றின் விலையோ 4,999. டிஸ்க்காக வாங்கினால் ஆடி முடித்ததும் விற்கலாம், நண்பனிடம் மாற்றிக்கொள்ளலாம். பழைய பிஎஸ்4 டிஸ்க்குகளும் பெரும்பாலும் ஓடும். டிஸ்க் இல்லாத பெட்டியில் சோனியின் ஆன்லைன் கடை வைத்ததே விலை. 100 ஜிபி கேமை நாளுக்கு 2 ஜிபி கிடைக்கும் ரீசார்ஜில் இறக்க 50 நாள் ஆகும், அதுவும் வீட்டில் வேறு யாரும் நெட்டைத் தொடாமல் இருந்தால். டிஸ்க் போட்டாலும் அப்டேட் இறங்கும் என்பது உண்மை. ஆனாலும் பெரும்பகுதி கையில் இருக்கிறது. ஆக, எந்த கேமை ஆட முடியும் என்பதையே இங்கே ஒரு வசதிதான் முடிவு செய்கிறது.

கேமை வைத்து கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் வலுவிழந்து வருகிறது. போட்டிக் கன்சோலான எக்ஸ்பாக்ஸின் செல்லப்பிள்ளை ஃபோர்சா ஹொரைசன் 5, 2025-இல் பிஎஸ்5-க்கே வந்துவிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் காட்டும் ‘வெண்பா’ 2023-இல் ஸ்விட்ச், பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், கணினி எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் வெளியானது. நம் மொழிக்கு இவ்வளவு நெருக்கமான அந்த கேம் எந்த அசுர வேகத்தையும் கேட்பதில்லை.

நகரத்தில் ஃபைபர் இணைப்பு உள்ளவருக்கு டிஸ்க் இல்லாத எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸும் மாதச் சந்தா கேம் பாஸும் நல்ல கணக்கு, மறுக்கவில்லை. ஆனால் செந்துறையிலோ வேப்பந்தட்டையிலோ மொபைல் டேட்டாவை நம்பியிருக்கும் வீட்டில், 4கே, 120 ஹெர்ட்ஸ் என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை விட்டுவிட்டு, பெட்டியில் டிஸ்க் போட இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எந்த கேம் என்பதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.