பார்வையற்றவர் கண்ட முகம்

1935-ஆம் ஆண்டு வெளிவந்த 'பிராங்கன்ஸ்டைனின் மணமகள்' என்னும் அமெரிக்கத் திகில் படத்தில், நெஞ்சை விட்டு அகலாத காட்சி ஒன்று உண்டு. பிணங்களின் உறுப்புகளைக் கொண்டு ஓர் அறிவியலாளன் உருவாக்கிய அரக்கன், ஊராரால் துரத்தப்பட்டுக் காயத்தோடு காட்டில் அலைகிறான். ஒரு குடிசையிலிருந்து வயலினில் 'அவே மரியா' இசை மிதந்து வருகிறது. அங்கு வாழும் முதிய துறவி பார்வையற்றவர். ஆதலால் வந்தவனின் தையலிட்ட முகத்தை அவர் அறியார். காயமுற்ற ஒருவன் தம் வாசலில் நிற்கிறான் என்பதை மட்டுமே அறிவார். அவனுக்கு உணவு தருகிறார்; படுக்க இடம் தருகிறார்; தனிமையில் வாடிய தமக்கு ஒரு நண்பனை அனுப்பியதற்காக இறைவனுக்குக் கண்ணீரோடு நன்றி கூறுகிறார். அரக்கனின் கன்னத்திலும் கண்ணீர் வழிகிறது. 'நண்பன்' என்ற சொல்லை அவன் அங்கேதான் கற்றுக்கொள்கிறான். ஆனால் வழிதவறி வந்த வேட்டைக்காரர் இருவர் அவனை அடையாளம் காட்டிவிடுகின்றனர். குடிசை தீப்பற்றி எரிகிறது. அவன் மீண்டும் காட்டுக்குத் துரத்தப்படுகிறான்.

இப்படத்தை இயக்கியவர் ஜேம்ஸ் வேல். 1889-இல் இங்கிலாந்தின் டட்லி நகரில் ஓர் உழைப்பாளிக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப்போரில் ஜெர்மானியரிடம் கைதியாகி, சிறைமுகாமில் நாடகக் கலையைப் பயின்றவர். 1931-இல் போரிஸ் கார்லாஃபை அரக்கனாக நடிக்க வைத்து அவர் எடுத்த 'பிராங்கன்ஸ்டைன்' உலகப் புகழ் பெற்றது. அவர் தன்பால் ஈர்ப்புடையவர். அதனை ஒளிக்காமல், தயாரிப்பாளர் டேவிட் லூயிசுடன் ஹாலிவுட்டில் பல ஆண்டுகள் ஒரே இல்லத்தில் வாழ்ந்தார். அன்றைய சூழலில் அது அரிய துணிவு. ஊரார் தீப்பந்தம் ஏந்தித் துரத்தும் ஓர் உயிரை இத்தனைப் பரிவோடு காட்ட அவரால் எவ்வாறு இயன்றது என்னும் வினா, பிற்காலத் திறனாய்வாளரிடையே எழுந்தது இயல்பே. விட்டோ ரூசோ 1981-இல் வெளியிட்ட நூலும், ஹாரி பென்ஷாஃப் 1997-இல் எழுதிய நூலும் இவ்வினாவை விரிவாக ஆராய்ந்தன. இன்று பால்புதுமையர் என அழைக்கப்படுவோர், திரையில் தம் முகத்தைக் காண இயலாத காலத்தில், அரக்கனின் முகத்தில் தம்மை அடையாளம் கண்டனர் என்பது அவர்தம் ஆய்வுகளின் சாரம்.

ஏன் தம் முகத்தைக் காண இயலாமற்போயிற்று? இங்கேதான் கத்தோலிக்கராகிய நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஹாலிவுட் படங்களுக்கான ஒழுக்க விதித்தொகுப்பை 1930-இல் வரைந்தவர்கள் இயேசு சபைக் குருவான டேனியல் லார்டும், கத்தோலிக்கப் பொதுநிலையினரான மார்ட்டின் குவிக்லியும் ஆவர். 1934 முதல் அதனைக் கண்டிப்போடு நடைமுறைப்படுத்திய ஜோசப் பிரீனும் கத்தோலிக்கரே. அதே ஆண்டில் எழுந்த கத்தோலிக்க ஒழுக்கப் பேரணி, தகாத படங்களைப் புறக்கணிப்போம் என்று இலட்சக்கணக்கான மக்களை வாக்குறுதி எடுக்கச் செய்தது. திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1936-இல் விடுத்த சுற்றுமடலில் அம்முயற்சியைப் பாராட்டினார். குழந்தைகளையும் குடும்பங்களையும் காக்க விழைந்த அவர்களது நன்னோக்கத்தை நாம் ஐயுறவில்லை. எனினும் அவ்விதித்தொகுப்பு, தன்பால் ஈர்ப்பைத் திரையில் காட்டுவதை மட்டுமின்றிக் குறிப்பாக உணர்த்துவதையும் தடை செய்தது. நல்லவராகவோ தீயவராகவோ, துன்புறுபவராகவோ மகிழ்பவராகவோ அத்தகைய மனிதர் எவரும் திரையில் தோன்ற இடமில்லை. பெயர் சொல்லித் தோன்ற வழியற்றவர்கள் வேற்றுருவில் தோன்றினார்கள். திகில் படம் அவ்வேற்றுருவுக்கு இடம் தந்தது.

1936-இல் வெளிவந்த 'டிராகுலாவின் மகள்' இதற்கு நல்ல சான்று. அதன் நாயகியான சீமாட்டி, இரத்தம் குடிக்கும் தன் இயல்பை வெறுக்கிறாள். தந்தையின் உடலை எரித்தால் அது தன்னை விட்டு நீங்குமென நம்புகிறாள், நீங்கவில்லை. பிறகு ஒரு மனநல மருத்துவரிடம் சென்று விடுதலை கேட்கிறாள். ஓவியத்துக்கு மாதிரியாக அழைத்துவரப்பட்ட ஏழைப் பெண்ணை அவள் நோக்கும் பார்வையில், பசியும் வேட்கையும் பிரித்தறிய முடியாதபடி கலந்திருக்கின்றன. தணிக்கையாளர் சொல்லவிடாத ஒன்றைக் காட்டேரிக் கதை சொல்லிவிட்டது. ஆனால் எவ்வாறு சொல்லிற்று? நோயாக, சாபமாக, இறுதியில் அம்பெய்து அழிக்கப்பட வேண்டிய தீமையாகச் சொல்லிற்று.

ஆகவே திகில் படம் இருபுறமும் கூர்மையுடைய வாள். தனித்து விடப்பட்டவருக்கு ஒரு தோழனைத் தந்த அதே கலை, அவரைக் கண்டு அஞ்சவும் பார்வையாளரைப் பழக்கிற்று. விதித்தொகுப்பு 1968-இல் கைவிடப்பட்ட பின்னரும் அப்பழக்கம் மறையவில்லை. 1991-இல் வந்த 'ஆட்டுக்குட்டிகளின் மௌனம்' என்ற படத்தில் பெண்ணுடை அணியும் கொலைகாரன் சித்திரிக்கப்பட்ட விதம் அமெரிக்காவில் எதிர்ப்பைக் கிளப்பியது. அதன் இயக்குநர் ஜோனதன் டெம்மி 1993-இல் 'பிலடெல்பியா' படத்தை எடுத்தார். எய்ட்ஸ் நோயால் வேலையிழந்த தன்பால் ஈர்ப்புடைய வழக்கறிஞர் ஒருவர் நீதி கேட்டுப் போராடும் கதை அது. பெயரும் குடும்பமும் உடைய மனிதராகவே அவர் அதில் தோன்றினார்.

இனி, ஓர் எச்சரிக்கையும் தேவை. கலைப்படைப்பை அதன் ஆசிரியரின் அந்தரங்க வாழ்வுக்குள் அடைத்துவிடும் திறனாய்வு குறையுடையதே. ஜேம்ஸ் வேலை நேரில் அறிந்த இயக்குநர் கர்ட்டிஸ் ஹாரிங்டன் இத்தகைய விளக்கத்தை ஏற்கவில்லை. சிதைந்த உடல்களைப் போர்க்களத்தில் கண்டவர், ஏழ்மையின் அவமதிப்பை அறிந்தவர் என்ற முறையிலும் அவர் அரக்கனைப் புரிந்திருக்கக்கூடும். அதுபோலவே நாமும் இப்படத்துக்கு அவசரப்பட்டுத் திருமுழுக்குக் கொடுத்துவிடலாகாது. ஊரார் அரக்கனைக் கம்பத்தில் கட்டி உயர்த்தும் காட்சி சிலுவையை நினைவூட்டுவது உண்மை. குடிசைச் சுவரிலுள்ள பாடுபட்ட சுரூபம், காட்சி இருளும்போது தனித்து ஒளிர்வதும் உண்மை. ஆனால் அவ்வொளியைச் சேர்த்தவர் படத்தொகுப்பாளர் டெட் கெண்ட். இயக்குநருக்கு அது உவப்பாயில்லை. கல்லறைத் தோட்டத்தில் அரக்கன் சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தைக் கண்டு, தன்னைப் போல் துன்புறும் ஒருவரென எண்ணி விடுவிக்க ஓடுவதாக ஒரு காட்சி திட்டமிடப்பட்டிருந்தது. படத்தில் அது இடம்பெறவில்லை. பக்தி மிக்க எத்தனையோ காட்சிகளைவிட அது நம்மை ஆழமாகத் தொட்டிருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1995-இல் திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி வத்திக்கான் வெளியிட்ட நாற்பத்தைந்து சிறந்த படங்களின் பட்டியலில் 'நோஸ்ஃபெராட்டு' என்னும் காட்டேரிப் படமும் இடம்பெற்றது. அதனை 1922-இல் இயக்கிய எஃப். டபிள்யூ. முர்னோவும் தன்பால் ஈர்ப்புடையவரே. கலையின் உண்மை எங்கிருந்து வந்தாலும் அதை அடையாளம் காணும் பரந்த மனம் திருச்சபைக்கு உண்டு என்பதற்கு இது சான்று. கலைஞரிடம் காட்டிய அம்மனத்தை, நம் பங்கிலும் நம் இல்லத்திலும் உள்ள பெயரறியாத மனிதரிடமும் காட்டுகிறோமா?

மீண்டும் அக்குடிசைக்குச் செல்வோம். துறவியின் அன்பை வியந்து போற்றுவோர் பலர். ஆனால் அக்காட்சி ஒரு கடினமான வினாவையும் உள்ளடக்கியுள்ளது. அவர் காணாததால்தான் அங்கு அன்பு வாழ்ந்ததா? கண்ணுடையோர் வந்ததும் அது முடிந்துவிடுகிறதே! உண்மை தெரியாத வரையில் நேசிக்கப்படுகிற பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் நம்மோடு செபமாலை சொல்கிறார்கள், ஒரே மேசையில் உண்கிறார்கள். என்றேனும் ஒரு வேட்டைக்காரர் வந்து தம்மைச் சுட்டிக்காட்டிவிடுவாரோ என்ற அச்சத்தோடு அப்பந்தியில் அமர்ந்திருக்கிறார்கள். பெற்றோர் தம்மை நேசிப்பதை அவர்கள் அறிவார்கள். அறிந்த பின்னும் நேசிப்பார்களா என்பதை மட்டும் அவர்கள் அறியார்கள். திகில் படம் தரும் எந்த நடுக்கத்தையும் விட இது கொடியது.

திருச்சபையின் ஒழுக்கப் போதனையை இங்கு நாம் விவாதிக்க முற்படவில்லை. ஆனால் 1992-இல் வெளியிடப்பட்ட மறைக்கல்வி ஏடு, இத்தகையோரை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநீதியான பாகுபாட்டின் சாயலும் கூடாது என்று பணித்திருப்பதை எத்தனை இல்லங்கள் அறிந்துள்ளன?

வேட்டைக்காரர் அரக்கனைச் சுட்டிக்காட்டிய பிறகு, துறவி தம் நண்பனை மறுதலிக்கவில்லை என்பதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்றே அவர் திகைத்துக் கேட்கிறார். பதில் சொல்வார் எவருமில்லை. அவரைக் கைப்பிடித்து வெளியே இழுத்துச் செல்கிறார்கள். பார்வையற்றவரின் அவ்வினா தொண்ணூறு ஆண்டுகளாகத் திரையில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. பார்வையுள்ள நாம்தான் அதற்கு விடை சொல்ல வேண்டும்.