சொற்பம் என்னும் சாக்கு

மதுரைக்குப் பங்குடைமை புதிதன்று. 1943இல் கருமுத்து தியாகராசச் செட்டியார் நிறுவிய பாங்க் ஆஃப் மதுரா, 2001இல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. ஒரு பங்குக்கு இரண்டு பங்கு என்ற விகிதத்தில், அதன் பங்குதாரர்கள் மாபெரும் நிறுவனமொன்றின் சிறு பங்குதாரர்களாயினர். வட்டித் தொழிலில் பங்கு கொள்வது பற்றிய மார்க்கத் தீர்ப்பு தனி. ஒரு நிறுவனம் புது மூலதனம் திரட்டும்போது இத்தகைய சிறு பங்குதாரருக்கு நீதி கிடைக்கிறதா என்பதே இங்கு நம் ஆய்வு.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 62ஆம் பிரிவு, புதுப் பங்குகளை முதலில் பழைய பங்குதாரர்களுக்கே அவரவர் விகிதப்படி வழங்கச் சொல்கிறது. சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றினால் பிறருக்கு வழங்கலாம் என்று அதே பிரிவு வழியும் விடுகிறது. 2006இல் செபி அறிமுகப்படுத்திய கியூஐபி என்னும் முறை இவ்வழியில் செல்வது. பரஸ்பர நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள், அந்நிய முதலீட்டு நிறுவனங்கள் போன்றோரே இதில் வாங்கலாம், தனிமனிதருக்கு இடமில்லை. முந்தைய இரு வாரச் சந்தை விலையின் சராசரியே அடிப்படை விலை. பங்குதாரர் ஒப்புதலுடன் அதிலும் 5 விழுக்காடுவரை தள்ளுபடி தரலாம்.

2024 நவம்பரில், அன்று ஸொமாட்டோ எனப் பெயர் கொண்டிருந்த நிறுவனம் இம்முறையில் 8,500 கோடி ரூபாய் திரட்டியது. அடிப்படை விலை 265.91 ரூபாய், கொடுத்த விலை 252.62 ரூபாய். சுமார் 33.65 கோடிப் பங்குகளுக்கு, பங்கொன்றுக்கு 13.29 ரூபாய் வீதம் கணக்கிட்டால், தள்ளுபடி ஏறத்தாழ 447 கோடி ரூபாய். சட்டப்படி இதில் குற்றமில்லை. ஆயினும் குறைந்த விலைக்குப் புதுப் பங்கு தரப்படும்போது பழைய பங்கின் மதிப்பில் ஒரு துளி கரைகிறது. அந்த இழப்பைப் பழைய பங்குதாரர் அனைவரும் சுமக்கின்றனர். சலுகை சிலரையே சேர்கிறது.

இதற்குச் சொல்லப்படும் நியாயங்கள் மூன்று. முதலாவது, பங்குதாரர்களே வாக்களித்து ஒப்புகின்றனர் என்பது. ஆனால் வாக்கு ஆளுக்கன்று, பங்குக்கு. பெருநிறுவனங்கள் மிகுதியாகப் பங்கு வைத்திருக்கும் இடத்தில், சலுகை பெறத் தகுதியுள்ளோரே அச்சலுகைக்கு வாக்களிக்கின்றனர். இதைச் சிறு கூட்டாளியின் சம்மதம் என்பது எப்படிப் பொருந்தும்?

இரண்டாவது, இழப்பு சொற்பம் என்பது. மேற்கண்ட கணக்கில் பழைய பங்கொன்றுக்கு ஒரு ரூபாய்கூட இழப்பில்லை, மெய்தான். ஆனால் திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்தின் பெயரை எண்ணிப் பார்ப்போம். அளவையில் குறைப்போரைக் குறிக்கும் 'முதஃப்பிஃபீன்' என்ற சொல், அற்பமானது என்று பொருள்படும் 'தஃபீஃப்' என்பதோடு வேர் கொண்டது. எடைக்கல்லில் திருடப்படுவது எப்போதும் சொற்பமே என்பதால் இப்பெயர் வந்தது என மொழியறிஞர் விளக்குவர். ஆக, சொற்பம் என்பது சாக்காகாது.

ஃபிக்ஹின் அளவுகோலும் தெளிவானது. 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு பேரவை, தன் 63ஆம் தீர்மானத்தில், புதுப் பங்குகளைப் பழைய பங்குகளின் உண்மை மதிப்பிலோ சந்தை மதிப்பிலோ வெளியிடலாம் என்றது. பிரிக்கப்படாத நிலத்தில் ஒரு கூட்டாளி தன் பங்கை விற்கும்போது, அந்நியருக்கு முன் மற்றக் கூட்டாளிக்கு 'ஷுஃப்ஆ' என்னும் முன்னுரிமை உண்டு. ஹனஃபி மத்ஹபு அதை அண்டை நிலத்தாருக்கும் விரிக்கிறது. ஷாஃபி மத்ஹபு கூட்டாளியோடு நிறுத்துகிறது. அசையாச் சொத்துக்குரிய அச்சட்டத்தைப் பங்குப் பத்திரத்தின்மீது அப்படியே ஏற்ற முடியாது. ஆனால் கூட்டாளிக்குத் தீங்கு நேரலாகாது என்ற அதன் நோக்கம் இங்கும் பொருந்தும்.

மூன்றாவது நியாயம் அவசரம். உரிமைப் பங்கு வெளியீடு பல மாதங்கள் இழுக்கும் என்பர். 2025 ஏப்ரல் முதல், இயக்குநர் குழு ஒப்புதலிலிருந்து 23 வேலை நாட்களுக்குள் அதை முடிக்கும்படி செபி விதித்துவிட்டது. பிரிட்டனில் 2022இல் திருத்தப்பட்ட நெறிமுறை, நிறுவனங்களுக்கு ஒதுக்கியபின் சிறு பங்குதாரருக்கும் அதே விலையில் தொடர் வெளியீடு நடத்த வழிவகுத்துள்ளது. இனி அவசரமும் சாக்காகாது.

பெரியாற்றுப் பாசனத்தில் மேலூர்க் கடைமடைக்காரர் கேட்பது தம் முறைத் தண்ணீரைத்தான். அது தர்மமன்று, உரிமை. தள்ளுபடி கொடுப்பதென்று ஒரு நிறுவனம் தீர்மானித்தால், அதைத் தன் கூட்டாளிகள் எல்லோருக்கும் விகிதப்படி கொடுக்கட்டும். பணமில்லாதவர் தம் உரிமையை விற்றுக்கொள்வார். அதற்கு மனமில்லையேல் தள்ளுபடியைக் கைவிடட்டும்.