தொட்டிலைக் காட்டும் ஒளிப்படங்கள்

சேலம் மாவட்டத்தில் 1992-ஆம் ஆண்டு தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பெற்ற நாள்முதல், பெண் சிசுக்கொலையைப் பற்றிய கட்டுரைகளோடு ஒளிப்படங்களும் நம் பார்வைக்கு வந்தன. அவற்றில் நாம் பெரிதும் காண்பவை இரண்டு: துணி சுற்றிய சிசு கிடக்கும் தொட்டில்; தலைகுனிந்த தாய்.

இவை பொய்யுரைக்கவில்லை. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இம்மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 851 பேரே. 2011-இல் அவ்வெண் 900-ஐக் கடந்தது. மனச்சான்றைத் தட்டியெழுப்பியதில் ஒளிப்படங்களுக்கும் பங்குண்டு என்பதை ஏற்கிறோம்.

ஆயினும் கேமராவுக்கு எளிதில் அகப்பட்டவள் தாய் ஒருத்தியே. ஆண் வாரிசு கேட்ட கணவனும், வாசலை மறித்த மாமியாரும், பவுன் கணக்குப் பேசிய உறவினரும் படத்துக்கு வெளியே நின்றுகொண்டனர். பார்ப்பவரோ தாய்க்கே தீர்ப்பெழுதிவிட்டு ஏட்டைப் புரட்டுகிறார்.

இன்னொரு படமும் உண்டு: ஸ்கேன் திரையில் தெரியும் கருவின் நிழல். அதைக்கொண்டு பாலினம் அறிவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. பிறக்குமுன் எடுத்த இந்தப் படத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் தொட்டிலின் படம் முழுப்பொருள் தரும்.

பெற்ற மகளை அச்சமின்றி வளர்க்கும் உரிமையே தாய்மைக்குரிய நீதி. அதைப் படம்பிடிக்க விழைவோர் அவள் முகத்திரையை விலக்க வேண்டியதில்லை. சீர்வரிசை பேசி முடித்த திண்ணையின் பக்கம் கேமராவைத் திருப்பட்டும். அங்கே நம்மில் பலர் அமர்ந்திருப்பதும் தெரியவரும்.