திரும்புதலா, மதமாற்றமா? ஆந்திர யூதரைப் பற்றிய ஒரு நூல்

யூலியா எகொரோவாவும் ஷாகித் பர்வேசும் ஆங்கிலத்தில் எழுதிய 'ஆந்திரப் பிரதேசத்து யூதர்கள்' என்னும் ஆய்வு நூலை 2013-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. குண்டூர் வட்டாரத்துக் கொத்தரெட்டிபாலெம் என்னும் ஊரில் வாழும் 'பெனே எப்பிராயீம்' சமூகத்தாரே இந்நூலின் பொருள். இவர்கள் மாதிகா வகுப்பினர், தெலுங்கு பேசுவோர், முன்னர்க் கிறிஸ்தவ சபைகளைச் சார்ந்திருந்தோர். 1980-களின் இறுதியில், தாங்கள் காணாமற்போன இஸ்ரவேல் கோத்திரங்களுள் ஒன்றன் வழிவந்தோர் என்று அறிவித்து, ஓய்வுநாளையும் பண்டிகைகளையும் ஆசரிக்கவும் எபிரெயம் கற்கவும் தொடங்கினர்.

இவர்களது வம்சவரலாறு மெய்யா, பொய்யா எனத் தீர்ப்பளிப்பதை நூலாசிரியர்கள் தம் பணியாகக் கொள்ளவில்லை. அவ்வரலாறு சாதியால் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எத்தகைய தன்மதிப்பைத் தருகிறது என்பதையே ஆராய்கின்றனர். இதுவே நூலின் சிறப்பு. எடுத்துக்காட்டாக, மாட்டிறைச்சி உண்பதைக் காரணங்காட்டி ஊரார் இவர்களை இழித்துரைத்தனர். இவர்களோ அதனையே தம் இஸ்ரவேல மரபின் அடையாளமாகக் கொள்கின்றனர். இழிவெனப்பட்டது உரிமைச் சான்றாக மாறுகிறது.

எனினும், சமூகப் போராட்டம் என்னும் சட்டகத்திற்குள் அனைத்தையும் அடக்கிவிட இயலுமா என்னும் வினா எழுகிறது. யூத சமயத்திற்குள் வருவது எளிதன்று. வருபவரை முதலில் தயங்கச் செய்வதே ரபீக்களின் மரபு. இஸ்ரவேல் துன்புறும் இனம் என்பதை எடுத்துக்கூறி, அதன் பின்னரும் விருப்பம் மாறாதவரையே ஏற்பர். கட்டளைகளைக் கற்றல், ஆண்களுக்கு விருத்தசேதனம், மூவர் அடங்கிய சமய நீதிமன்றத்தின் ஒப்புதல், மிக்வே நீரில் மூழ்குதல் ஆகியன அடுத்தடுத்து வரும். ஆண்டுக்கணக்கில் அடுக்களையையும் நாட்காட்டியையும் மாற்றி அமைத்துக்கொள்ளும் ஒருவரின் பக்தியை எதிர்ப்பு என்னும் ஒரே சொல்லால் விளக்கிவிட முடியாது.

மேலும், பெனே எப்பிராயீமர் தாம் மதம் மாறவில்லை, திரும்பி வருகிறோம் என்கின்றனர். மிசோரம், மணிப்பூர் பகுதிகளின் 'பினே மெனாசே' மக்களை 2005-இல் இஸ்ரவேலின் செபார்தி தலைமை ரபீ ஷ்லோமோ அமார் இஸ்ரவேலின் வழிவந்தோரென ஏற்றார். ஆயினும் முறையான மதமாற்றச் சடங்கு அவர்களிடமும் கோரப்பட்டது. திரும்பி வந்தவனும் வாசலில் புதியவனாகவே நிற்க வேண்டியதாயிற்று.

இவ்விடத்தில் ரூத்தின் வரலாறு நமக்குத் துணைபுரிகிறது. நகோமி தன் மருமக்களைத் திரும்பிப் போகும்படி மும்முறை கூறியதிலிருந்தே, வருபவரைத் தயங்கச் செய்யும் மரபுக்கு ரபீக்கள் ஆதாரம் காட்டினர். ரூத்தோ பின்வாங்கவில்லை. மக்களையும் தெய்வத்தையும் கல்லறையையும் ஒருசேரத் தெரிந்துகொண்டாள். ஆயினும் பெத்லகேமில் அறுவடை முடிந்த பின்னும், போவாஸ் அவளை மணக்கும் வேளையிலும், 'மோவாபியப் பெண்' என்னும் பட்டம் அவளை விடவில்லை. விசுவாசம் மாறிய பின்னும் பிறப்பின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலை நம் நாட்டிற்குப் புதிதன்று.

ராயகிரி, தென்காசி வட்டார வாசகர் இதை அயலூர்ச் செய்தியாகக் கொள்ளலாகாது. 1981 பிப்ரவரியில் நமக்கு அண்மையிலுள்ள மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் பெருந்தொகையாக இஸ்லாத்தைத் தழுவியபோது, பணம் வந்ததா என்று கேட்டவர் பலர். எந்த வாசல் அவர்களுக்கு அடைபட்டிருந்தது என்று கேட்டவர் சிலரே. கொத்தரெட்டிபாலெத்தார் விட்டுச் சென்றதோ நமது வீடு. திருமுழுக்கில் சாதி கரையுமென்று போதித்த திருச்சபை, கல்லறைத் தோட்டத்தில் அதற்கு இடம் ஒதுக்கிய ஊர்கள் உண்டு. அவ்வாறிருக்க, அவர்கள் மீட்பரை மறுதலித்தனர் என்று குறைகூறுமுன், அவர்கள் நம்மிடம் தேடியது யாது, கிடையாமற்போனது யாது என்று ஆராய்தல் நம் கடன்.

இந்நூல் அவ்வினாவிற்கு இறையியல் விடை தரவில்லை. மானிடவியலாரிடம் அதை எதிர்பார்த்தலும் முறையன்று. விடை தேட வேண்டியவர் நாமே. குருத்துவப் பயிற்சி பெறும் மாணவர் இதனை ரூத்தின் நூலோடு சேர்த்துப் படிப்பாராக.